வியூகம் யாருடைய கையில் இருக்கிறது?



ஆண்டிறுதி நெருங்கினால் நம் பள்ளிகளில் ஒரு சடங்கு தொடங்கிவிடும். அதற்குப் பள்ளி வியூகத் திட்டம் என்று பெயர். வலிமை, பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் என நான்கு கட்டங்கள் போடுவோம். சென்ற ஆண்டின் கோப்பைக் கணினியில் திறப்போம். ஆண்டை மாற்றுவோம், சில விழுக்காடுகளை உயர்த்துவோம், அட்டைப்படத்தைப் புதுப்பிப்போம். வளையமிட்டுக் கட்டிய அந்தத் திட்டம் அலுவலகப் பேழைக்குள் போய் அமர்ந்துகொள்ளும். அடுத்த ஆண்டிறுதி வரை அதை யாரும் எழுப்புவதில்லை.

பிறரைக் குறைகூறுவதற்காக இதனை எழுதவில்லை. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தச் சடங்கில் நானும் முன்வரிசையில் நின்றவன்தான். நாம் எழுதும் வியூகங்கள் ஏன் நடைமுறையில் உயிர்பெறுவதில்லை என்னும் கேள்வி நெடுநாளாக என்னை உறுத்திக் கொண்டிருந்தது. விடை தேடி வணிகத்துறை பற்றிய நூல்களைப் புரட்டினேன். பெரும் நிறுவனங்களும் இதே நோயால் வாடியிருப்பதை அங்கே கண்டேன். சில நிறுவனங்கள் அதிலிருந்து மீண்ட வழியும் தெரிந்தது. அவற்றையே இன்று உங்கள் சிந்தனைக்கு வைக்கிறேன்.

இருவகைச் சிக்கல்கள்

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். சிக்கல்கள் எல்லாம் ஒரே இனத்தைச் சேர்ந்தவை அல்ல.

ஆறாம் ஆண்டு மாணவனுக்குப் பின்னக் கணக்கொன்றைக் கொடுக்கிறோம். கணக்கு கடினமாக இருக்கலாம். ஆயினும் அதற்கு ஒரு விடை உண்டு. நன்கு கற்ற ஒருவர் தனியே அமர்ந்து அதைக் கண்டுபிடித்துவிடுவார். அதே மாணவன் ஒரு நாள் திடீரெனப் பள்ளிக்கு வர மறுக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். இதற்கு விடைத்தாள் கிடையாது. தாய் ஒரு காரணம் சொல்வார்; வகுப்பாசிரியர் வேறொன்று சொல்வார்; அவனுடைய நண்பன் மட்டுமே அறிந்த காரணம் மூன்றாவதாக இருக்கும். ஒவ்வொருவர் கையிலும் உண்மையின் ஒரு துண்டு இருக்கிறது.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர்கள் ஹார்ஸ்ட் ரிட்டல், மெல்வின் வெபர் ஆகிய இருவரும் 1973ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில் இந்த வேறுபாட்டைத் தெளிவாக எடுத்துரைத்தனர். நகரத் திட்டமிடலை முன்வைத்து அவர்கள் எழுதியதை வணிகத்துறை பின்னர் இறுகப் பற்றிக்கொண்டது. இரண்டாம் வகைச் சிக்கலுக்கு முடிந்த முடிபான விடை இல்லை. பார்ப்பவர் நிற்கும் இடத்தைப் பொறுத்துச் சிக்கலே வேறாகத் தோன்றும். எனவே சம்பந்தப்பட்ட பலரும் கூடி ஆராய்ந்தால்தான் அதன் முழு உருவம் புலப்படும்.

விற்பனை சரிகிறது, வாடிக்கையாளர் விலகுகின்றனர், தொழிலாளர்கள் ஊக்கமிழக்கின்றனர். இவை யாவும் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. நம் பள்ளியில் மாணவர் எண்ணிக்கை குறைவதும் அவ்வகையே. நாமோ இவற்றைப் பின்னக் கணக்கைப் போலக் கருதி, திறமையான ஒருவரை அறைக்குள் அமர்த்தி விடை எழுதச் சொல்கிறோம்!

அதே தொழிலாளர்கள், வேறு தொழிற்சாலை

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பிரீமாண்ட் என்னும் ஊரில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் கார் தொழிற்சாலை ஒன்று இருந்தது. தரக்குறைவுக்கும் வேலை நிறுத்தங்களுக்கும் பேர்போன ஆலை அது. பலர் பணிக்கே வரமாட்டார்கள். வந்தவர்களிலும் சிலர் பணிநேரத்தில் மது அருந்தினர். 1982ஆம் ஆண்டு அந்த ஆலை மூடப்பட்டது.

இரண்டே ஆண்டுகளில், 1984ஆம் ஆண்டு, ஜப்பானின் டொயோட்டா நிறுவனமும் ஜெனரல் மோட்டார்சும் கூட்டாக அதே ஆலையை 'நும்மி' என்ற பெயரில் திறந்தன. புதிய ஆலையில் பணிக்கு எடுக்கப்பட்டோரில் மிகப் பெரும்பாலோர் பழைய ஆலையின் தொழிலாளர்களே. தொழிற்சங்கமும் பழைய சங்கமே. ஆனால் சில மாதங்களிலேயே அந்த ஆலையின் கார்கள் தரத்தில் ஜப்பானியக் கார்களுக்கு ஈடாக நின்றன. பணிக்கு வராதோர் எண்ணிக்கையும் வெகுவாகக் குறைந்தது.

மாறியது என்ன? தொழிலாளர்களுள் நூற்றுக்கணக்கானோர் பயிற்சிக்காக ஜப்பானுக்கு அனுப்பப்பட்டனர். ஒவ்வொருவர் தலைக்கு மேலும் ஒரு கயிறு கட்டப்பட்டிருந்தது. தம் கைக்கு வரும் பகுதியில் குறை கண்டால் தொழிலாளி அந்தக் கயிற்றை இழுக்கலாம். உடனே குழுத் தலைவர் ஓடி வந்து, "என்ன உதவி வேண்டும்?" என்று கேட்பார். இருவரும் சேர்ந்து தீர்க்க முயல்வர். குறிப்பிட்ட நேரத்திற்குள் தீராவிட்டால் உற்பத்தி வரிசையே நின்றுவிடும். பழைய ஆலையில் வரிசையை நிறுத்துவது பெருங்குற்றம். புதிய ஆலையில் குறையை மறைப்பதே குற்றம் ஆயிற்று.

இக்கதையின் பிற்பகுதிதான் எனக்கு மேலும் பாடம் புகட்டியது. ஜெனரல் மோட்டார்ஸ் தன் பிற ஆலைகள் சிலவற்றிலும் அதே கயிற்றைக் கட்டிப் பார்த்தது. கயிறு தொங்கியது, மனப்பான்மை மாறவில்லை. எத்தனை கார்கள் வெளியேறின என்பதை வைத்தே மேலாளர்கள் மதிப்பிடப்பட்டதால், கயிற்றை இழுத்தவர் ஏச்சு வாங்கினார். ஆகவே இழுப்பாரில்லை. நல்ல பாடம் தன் வீட்டுக்குள்ளேயே இருந்தும் அதை வேகமாகப் பரப்ப இயலாத அந்நிறுவனம் 2009ஆம் ஆண்டு நொடிப்பு நிலையை அறிவித்து நீதிமன்றத்தை நாட நேர்ந்தது. 2010ஆம் ஆண்டு நும்மியும் மூடப்பட்டது.

கயிற்றைக் கட்டுவது எளிது. அதை இழுத்தவரைக் கடிந்துகொள்ளாமல் இருப்பதுதான் கடினம்!

நம் நாட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு

வெளிநாட்டுக் கதை போதும் என்பீர்கள். நம் நாட்டிற்கு வருவோம். மலேசிய ஏர்லைன்ஸ் நிறுவனம் 2005ஆம் ஆண்டில் 120 கோடி வெள்ளிக்கும் அதிகமான இழப்பைச் சந்தித்தது. அவ்வாண்டின் இறுதியில் ஷெல் நிறுவனத்திலிருந்து வந்து தலைமைப் பொறுப்பேற்றார் சரவாக்கைச் சேர்ந்த இட்ரிஸ் ஜாலா. அவர் கையாண்ட வழிகளுள் ஒன்று 'ஆய்வுக்கூடம்' எனப்பட்டது. இங்கே குடுவையும் அமிலமும் இல்லை. ஒரு சிக்கலோடு தொடர்புடைய பல்வேறு பிரிவினரை ஓரிடத்தில் திரட்டி, வழக்கமான பணிகளிலிருந்து விடுவித்து, நாள்கணக்காகவும் வாரக்கணக்காகவும் அமர்த்தி, எண்களோடு கூடிய செயல்திட்டம் உருவாகும் வரை விவாதிக்கச் செய்யும் முறை அது.

2007ஆம் ஆண்டில் அந்நிறுவனம் 85 கோடி வெள்ளி அளவுக்கு நிகர இலாபம் ஈட்டியது. கூட்டு ஆலோசனை ஒன்றே இதற்குக் காரணம் என்று நான் கூறமாட்டேன். சொத்துகள் விற்கப்பட்டன, இலாபமற்ற பயணத் தடங்கள் கைவிடப்பட்டன. அவற்றின் பங்கும் உண்டு. பின்னாளில் அரசாங்கமே இம்முறையைக் கைக்கொண்டது. நாம் நன்கறிந்த 'லினுஸ்' எழுத்தறிவு எண்ணறிவுத் திட்டம் அவ்வழியில் வகுக்கப்பட்ட கல்வித் துறைத் திட்டங்களுள் ஒன்றாக 2010ஆம் ஆண்டு நம் வகுப்பறைக்குள் நுழைந்தது.

ஆனால் அதே விமான நிறுவனம் 2011ஆம் ஆண்டில் 250 கோடி வெள்ளி அளவுக்கு மீண்டும் இழப்புக் கண்டது. அப்போது தலைமை மாறியிருந்தது. எரிபொருள் விலையும் போட்டியும் மாறியிருந்தன. ஒரு முறை கூடிப் பேசி வகுத்த வியூகம் என்றென்றும் காவல் நிற்காது. காலம் மாறும்போது மீண்டும் கூடத்தான் வேண்டும்.

பத்து வெள்ளியின் கதை

இனி என் நெஞ்சுக்கு மிக நெருக்கமான ஒன்றைச் சொல்கிறேன்.

என் தந்தையார் பேராக் மாநிலத் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டியவர். நாடு விடுதலை பெற்ற காலக்கட்டத்தில் வெள்ளைக்காரத் துரைமார்கள் பலர் தங்கள் தோட்டங்களை விற்றுவிட்டுத் தாயகம் திரும்பினர். வாங்கியோர் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றனர். தோட்டத் துண்டாடல் என்று நம் மூத்தோர் இன்றும் பெருமூச்சோடு சொல்வது இதைத்தான். தோட்டம் துண்டானால் வேலை போகும். வேலை போனால் லயத்து வீடு போகும். வீடு போனால் தோட்டத்துக் கோயிலும் தமிழ்ப்பள்ளியும் ஆளின்றிப் போகும். ஒரே அடியில் நான்கும் சரியும்.

இதைவிடச் சிக்கலான வணிகச் சவால் வேறென்ன இருக்க முடியும்? எதிரே நின்றவர்கள் பணமுள்ள தரகர்கள். இப்பக்கம் நின்றவர்கள் கையெழுத்துக்குப் பதில் பெருவிரலை அழுத்தியவர்கள்.

1960ஆம் ஆண்டு துன் வீ. தி. சம்பந்தன் தலைமையில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. அமைச்சராக இருந்த அவர் தோட்டம் தோட்டமாகச் சென்று தொழிலாளர்களிடம் நேரில் பேசினார். நூறு வெள்ளிப் பங்கை மாதம் பத்து வெள்ளியாகச் செலுத்தலாம் என்பது ஏற்பாடு. 1960களின் தொடக்கத்திலேயே கெடா மாநிலத்தின் புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் முதல் தோட்டமாயிற்று. பின்னர் ஒன்றன்பின் ஒன்றாகப் பல தோட்டங்கள் சேர்ந்தன. மரம் வெட்டியவர்களே தோட்ட உரிமையின் பங்காளிகள் ஆனார்கள்.

எங்கள் வீட்டில் அந்தப் பத்து வெள்ளிக்காக நடந்த உரையாடலை என் தாயார் பலமுறை சொல்லக் கேட்டிருக்கிறேன். "கடன்காரன் வாசலில் நிற்கிறான், பத்து வெள்ளியைக் கொண்டுபோய்ச் சங்கத்தில் கட்டுகிறீர்களே!" என்று அவர் வாதாடியிருக்கிறார். தந்தையார் சினக்கவில்லை. லயத்தில் இருந்த ஐந்தாறு குடும்பங்களை வாசலில் அமர வைத்தார். பணம் போய்விட்டால் என்ன செய்வது, வேலை போய்விட்டால் என்ன செய்வது என்று இரண்டையும் எல்லாருமாகப் பேசினர். இரவு வெகுநேரம் ஆகிவிட்டதாம். இறுதியில், "சரி, கட்டுங்கள். ஆனால் ரசீதை என்னிடம் கொடுத்துவிட வேண்டும்" என்றாராம் தாயார். அந்த ரசீதுகள் இன்றும் எங்கள் வீட்டில் ஒரு பழைய ரொட்டித் தகரத்துக்குள் பத்திரமாக இருக்கின்றன.

எண்ணத்தைத் தந்தவர் தலைவர். அதை ஆளுக்கொரு வாசலில் ஆராய்ந்து, ஐயத்தைக் கேட்டு, தம் பணத்தை வைத்து உறுதிப்படுத்தியவர்கள் பாட்டாளிகள். இவ்விரண்டில் ஒன்று குறைந்திருந்தாலும் அது மேடைப் பேச்சாகவே முடிந்திருக்கும்.

கூடிப் பேசினால் மட்டும் போதுமா?

போதாது. நேர்மையாக இதையும் சொல்ல வேண்டும்.

ஜெரி ஹார்வி என்னும் அமெரிக்கப் பேராசிரியர் 1974ஆம் ஆண்டு தம் சொந்த அனுபவம் ஒன்றை எழுதினார். டெக்சஸ் மாநிலத்தில் கொளுத்தும் கோடை. மாமனார் வீட்டில் குடும்பம் இனிதே பொழுதுபோக்கிக் கொண்டிருக்கிறது. ஐம்பது மைலுக்கு அப்பாலுள்ள அபிலீன் நகருக்குச் சென்று உணவருந்தலாம் என்கிறார் மாமனார். எல்லாரும் தலையாட்டுகின்றனர். குளிரூட்டியில்லாத காரில் புழுதி படிந்து சென்று, சுவையற்ற உணவை உண்டு, களைத்துத் திரும்புகின்றனர். வந்த பிறகுதான் தெரிகிறது: நால்வரில் ஒருவருக்குக்கூடச் செல்ல விருப்பமில்லை! மற்றவர்கள் விரும்புவதாக எண்ணி ஒவ்வொருவரும் இசைந்திருக்கின்றனர். யோசனை கூறிய மாமனாரும் அப்படியே.

நம் கூட்டங்களில் எத்தனை அபிலீன் பயணங்கள்! தலைமையாசிரியர் சொன்னதற்கு எல்லாரும் இசைவர். பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் கேட்பார்: "யாருக்காவது மறுப்பு உண்டா?" அமைதி நிலவும். அந்த அமைதி ஒப்புதல் ஆகிவிடாது. உண்மையான கருத்து சிற்றுண்டிச்சாலையில் தேநீர் அருந்தும்போது வெளிவரும். மன்னனுக்கு இடித்துரைப்பார் இல்லையேல் பகைவர் இன்றியே அவன் கெடுவான் என்ற பொருளில் வள்ளுவர் சொல்லிவைத்தது நமக்கும் பொருந்தும்.

எனவே கூட்டுச் சிந்தனைக்குச் சில ஒழுங்குகள் தேவை. என் பட்டறிவில் கண்டவை இவை. மூத்தவர் கடைசியில் பேச வேண்டும். அவர் முதலில் பேசினால் மற்றவர்கள் வாய்கள் மூடிக்கொள்ளும். பேசுமுன் ஒவ்வொருவரும் தம் கருத்தைத் தாளில் எழுதிவிட வேண்டும். எழுதியதை மாற்றிக்கொள்ள யாரும் அஞ்ச வேண்டியதில்லை, மறைத்துக்கொள்ளத்தான் முடியாது. திட்டம் தோற்றால் எதனால் தோற்றிருக்கும் என்று முன்கூட்டியே கேட்டுப் பார்க்க வேண்டும். இறுதியாக, முடிவுக்கு ஒரு பெயரும் ஒரு நாளும் இட வேண்டும். எல்லாருடைய பொறுப்பு என்று விட்டது யாருடைய பொறுப்பும் ஆகாது.

வேன் ஓட்டுநர் சொன்னது

சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய பள்ளியில் முதலாம் ஆண்டு மாணவர் சேர்க்கை தொடர்ந்து குறைந்துவந்தது. மூன்று கூட்டங்கள் போட்டோம். பெற்றோர்க்குத் தமிழ் உணர்வு குறைந்துவிட்டது என்பது எங்கள் கண்டுபிடிப்பு. விழிப்புணர்வுப் பதாகைகள் அடித்தோம். துண்டறிக்கைகள் கொடுத்தோம். அந்தத் துண்டறிக்கையின் உணர்ச்சிமிக்க வாசகங்களை எழுதியவன் நானே.

ஒரு நாள் பிற்பகல், மாணவர்களை ஏற்றிச் செல்லும் வேன் ஓட்டுநரிடம் தற்செயலாகப் பேசிக்கொண்டிருந்தேன். "ஐயா, அந்தப் புதுத் தாமானில் நம் பிள்ளைகள் ஏராளமாக இருக்கிறார்கள். ஆனால் அந்தப் பக்கம் வேன் போவதில்லை. அம்மா அப்பா இருவரும் விடியற்காலையிலேயே வேலைக்குப் போய்விடுகிறார்கள். பிள்ளையை யார் கொண்டுவந்து விடுவது? பக்கத்துத் தேசியப் பள்ளிக்கு நடந்தே போய்விடுகிறார்கள்" என்றார்.

நான் வாயடைத்துப் போனேன். உணர்வில்லை என்று நாங்கள் பழித்த பெற்றோர்க்கு இல்லாதிருந்தது ஒரு வேன்! மூன்று கூட்டங்களிலும் அந்த ஓட்டுநரை அழைக்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர் நாள்தோறும் எங்கள் வாயிலில்தான் நின்றுகொண்டிருந்தார்.

அடுத்த கூட்டத்திற்கு அவரையும், அந்தத் தாமானைச் சேர்ந்த இரு பெற்றோரையும், பாலர் பள்ளி ஆசிரியையையும் அழைத்தோம். வேன் வழித்தடம் மாற்றப்பட்டது. முதலாண்டு எரிபொருள் செலவில் ஒரு பகுதியைப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஏற்றது. மறு ஆண்டு அந்தத் தாமானிலிருந்து நான்கு பிள்ளைகள் சேர்ந்தனர். நான்குதான். பள்ளியின் சரிவு முற்றாக நின்றுவிட்டது என்று பெருமையடிக்க மாட்டேன். ஆயினும் பதாகைகள் கொண்டுவராத நால்வரை ஓர் ஓட்டுநரின் சொல் கொண்டுவந்தது.

நம் கடமை

1957ஆம் ஆண்டு இந்நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஏறக்குறைய 530 இருக்கின்றன. எஞ்சியவற்றைக் காக்கும் வியூகத்தை மேலிடம் வகுத்துத் தரும் என்று காத்திருப்பதா? அல்லது அன்று லயத்து வாசலில் கூடிய ஐந்தாறு குடும்பங்களைப்போல் நாமே கூடுவதா?

ஆசிரியர்களே, அடுத்த வியூகத் திட்டக் கூட்டத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்து பாருங்கள். பழைய கோப்பைத் திறப்பதற்கு முன், இச்சிக்கலின் சுமையை நாள்தோறும் சுமப்பவர் யார் என்று கேளுங்கள். அவருக்கு ஒரு நாற்காலி போடுங்கள். வகுப்பறையிலும் குழுப்பணி என்ற பெயரில் கெட்டிக்காரப் பிள்ளை எழுத, மற்ற மூவர் வண்ணம் தீட்டும் வழக்கத்தை மாற்றுங்கள். ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் விடையின் ஒரு துண்டு இருக்கும்படி பணியை அமையுங்கள். நாளை நிறுவனங்களில் அமரப்போகும் அவர்களுக்கு நாம் தரும் முதல் வணிகப் பாடம் அதுவாக இருக்கும்.

பெற்றோர்களே, கூட்ட அழைப்புக் கடிதம் வந்தால், வருகைப் பதிவில் கையெழுத்திட்டுவிட்டு உணவுப் பொட்டலத்தோடு திரும்பிவிடாதீர்கள். உங்களுக்குத் தெரிந்தது எங்களுக்குத் தெரியாது. எழுந்து சொல்லுங்கள். நீங்கள் கயிற்றை இழுக்கும்போது எங்கள் முகம் சுருங்கினால் அதையும் சுட்டிக்காட்டுங்கள்.

என் தாயார் அன்று ரசீது கேட்டார். நம்பிக்கையும் இருந்தது, கணக்குக் கேட்கும் உரிமையும் இருந்தது. அந்த இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் வியூகம் உயிரோடு இருக்கும்.

சிந்திப்போம், கூடிச் செயல்படுவோம்.

அன்புடன்,
உங்களில் ஒருவனான தமிழாசிரியன்